லீவு கேட்டியா, சாமி?

அன்புள்ள செந்திலுக்கு அம்மா எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு ஆயிடுச்சு. அப்பா தறியில வேட்டிப் பாவு ஒண்ணு ஏத்தியிருக்காரு, மெதுவாத்தான் ஓடுது. போன்ல பேசலாம்தான். ஆனா எப்பக் கூப்பிட்டாலும் கவிதா பக்கத்துலயே இருக்கா, நீயும் "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சிடுற. அதான் எழுதி, அக்கா பையன்கிட்டக் குடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். ரூம்ல யாரும் இல்லாதப்பப் படி.

லீவு கேட்டியா?

கோயமுத்தூர்ல கவிதாவுக்கு மறுபடியும் எக்கோ, அதான் அந்த இதய ஸ்கேன், எடுத்தாங்க. இதயத்துல மைட்ரல்னு சொல்ற வால்வு ரொம்பச் சுருங்கியிருக்கு. பலூன் வெச்சு விரிக்கலாமான்னு முதல்ல பாத்தாங்க. சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிடுச்சு, கசிவும் இருக்கு, பலூன் சரிப்படாது, வால்வை மாத்தித்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க. ஆடி மாசம்னு தள்ளிப்போட வேணாம்னும் சொன்னாங்க. பல்லு டாக்டர்கிட்டக் காட்டி எழுதி வாங்கிட்டு வரணும்னாங்க. சொத்தைப் பல்லுல இருக்குற கிருமி ரத்தத்துல கலந்து புது வால்வுல போய் ஒட்டிக்குமாம். அதுக்காக ரெண்டு பல்லைப் பிடுங்கியாச்சு. அவ முகத்தைக்கூடச் சுளிக்கல. வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு இட்லி ஊத்தி வெச்சா. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கல.

அன்னைக்கு டாக்டரு இன்னொண்ணும் கேட்டாரு. எந்த வால்வு வைக்கிறதுன்னு. உலோக வால்வுன்னா ஆயுசுக்கும் உழைக்கும், ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும். அந்த மாத்திரை வயித்துல இருக்குற பிள்ளைக்கு ஆகாது, முதல் மூணு மாசம் ரொம்பவே ஆபத்து. மிருகத் திசுவுல செஞ்ச வால்வுன்னா மாத்திரையை சில மாசத்துல நிறுத்திடலாம். ஆனா சின்ன வயசுக்காரங்களுக்கு அது சீக்கிரம் கெட்டுப்போகுது. பத்துப் பதினஞ்சு வருஷத்துல, சில பேருக்கு அதுக்கும் முன்னாடியே, இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்கணும். "இது நீயும் உன் வீட்டுக்காரரும் பேசி எடுக்க வேண்டிய முடிவும்மா, அவர் எங்க?"ன்னு கேட்டாரு. கவிதா என் முகத்தைப் பாத்தா. "மஸ்கட்ல இருக்காருங்க, வந்துடுவாரு"ன்னு நான்தான் சொன்னேன். நீ இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லல.

அப்பாவுக்கு 2014-ல வால்வு ஆபரேஷன் ஆனப்ப நீ காலேஜ் ரெண்டாம் வருஷம். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீசு, காப்பீட்டு அட்டைக்குக் கலெக்டர் ஆபீசுன்னு அலைஞ்சது நீ. ரத்தம் குடுக்கக் கூட்டாளிங்களை வண்டியில கூட்டிட்டு வந்தது நீ. ஐசியூல அப்பா "நாடா சிக்கிக்கிச்சு, தறியை நிறுத்து"ன்னு உளறினப்ப நான் வெளிய வந்து அழுதேன். நீதான் நர்ஸுகிட்ட விசாரிச்சுட்டு வந்து, இது நிறையப் பேருக்கு வரும்மா, கொஞ்ச நாள்ல தெளிஞ்சுடும்னு எனக்குத் தைரியம் சொன்ன. இருமும்போது நெஞ்சோட சேத்து அணைச்சுக்கச் சின்னத் தலகாணி வாங்கிட்டு வந்த. மூச்சை இழுத்து மூணு பந்தையும் மேல ஏத்துற அந்தக் கருவியை வெச்சுக்கிட்டு, "இன்னொரு தடவைப்பா, இன்னொரு தடவை"ன்னு பக்கத்துலயே உக்காந்திருந்த. இப்படி ஒரு பிள்ளையைப் பெத்திருக்கியேன்னு அந்த வார்டுல இருந்தவங்க எல்லாம் சொன்னாங்க. அப்பாவுக்குச் செஞ்சதைப் பொண்டாட்டிக்குச் செய்ய மாட்டியா?

நான் பாத்துக்க மாட்டேன்னு சொல்லல. ஆபரேஷன்ல அறுத்த நெஞ்செலும்பு ஒண்ணு சேர ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் குடம் தூக்க விட மாட்டேன், கையை ஊணி எந்திரிக்க விட மாட்டேன். காலையில எடை பாத்து எழுதி வைப்பேன். ரத்தம் உறையுற அளவைப் பாக்குற ஐஎன்ஆர் டெஸ்டுக்கு அப்பாவோட நோட்டை இத்தனை வருஷமா நான்தான எழுதுறேன். அவருக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும், மைட்ரல்ல உலோகம்னா இன்னும் கொஞ்சம் கூடுதலா வெச்சுக்கச் சொல்வாங்களாம். கீரையை நிறுத்தவும் கூடாது, ஒரு நாள் அள்ளிப் போடவும் கூடாது, வாராவாரம் ஒரே அளவு. தலைவலி, கால்வலின்னு கடையில மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. தொண்டைப் புண்ணு மறுபடி வராம இருக்க அவளுக்குப் போடுற பெனிசிலின் ஊசி 21 நாளைக்கு ஒரு தடவை தவறக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனா அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. காரணமே இல்லாம கண்ணுல தண்ணி வரும். வால்வு டிக் டிக்னு அடிக்கிற சத்தம் தலகாணியில காதை வெச்சாக் கேக்குதுன்னு பயந்தாரு. அதை என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. உன்கிட்டக்கூடச் சொல்லல. கவிதா அப்படி எந்திரிச்சா யாருகிட்டச் சொல்லுவா? நான் எவ்வளவு பிரியமா இருந்தாலும் மாமியார்தான?

நீ அன்னைக்கு ராத்திரி போன்ல என்ன கேட்டேன்னு அவ சொல்லல. நானும் கேக்கல. ஆனா மறுநாள் விடிஞ்சதும் அடுப்படியில வந்து நின்னு, "எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுங்க அத்தை, சத்தியமா"ன்னா. நீ என்ன கேட்டிருப்பேன்னு எனக்குப் புரிஞ்சுது. சின்ன சித்தியும் அதைத்தான் கேட்டா. அவளை வாசலோட அனுப்பிட்டேன். உன்னை அப்படி அனுப்ப முடியுமா?

கேளு சாமி. சின்ன வயசுல தொண்டைப் புண்ணு வருது. சரியா மருந்து குடுக்காம விட்டா, சில பிள்ளைங்களுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு மூட்டு மாத்தி மூட்டு வீங்குது. அது தானா வடிஞ்சுடுது. ஆனா வால்வைக் கெடுத்துட்டுப் போயிடுது. வெளிய தெரிய வருஷக்கணக்காகும். அவளுக்குப் பத்து வயசுல முட்டி வீங்குச்சுன்னு சம்பந்தியே டாக்டர்கிட்டச் சொன்னாரு. ஏற்காட்டு மலையில நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்து லைன் வீட்டுல எண்ணெய் தடவிப் படுக்க வெச்சாங்களாம், வளர்ற வலின்னு. எக்கோ சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு மனுஷன் நடுங்கினதை நான் பாத்தேன். மறைச்சுக் கட்டிக் குடுத்தவங்க அப்படி நடுங்க மாட்டாங்க. மலையிலருந்து இறங்கி வர்றப்பல்லாம் வீட்டுக்குள்ள வராம திண்ணையிலயே உக்காந்துக்குறாரு. எனக்கு அதைப் பாக்க முடியல.

நம்ம அப்பாவுக்கு என்ன இருந்துச்சு? பொறக்கும்போதே மூணு இதழ் இருக்க வேண்டிய வால்வுல ரெண்டுதான். அம்பது வயசு வரைக்கும் அவருக்கே தெரியாது. உங்க அப்பாயி மறைச்சாங்கன்னு எங்க வீட்ல யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? கூடப்பொறந்தவங்க, பெத்த பிள்ளைங்க எல்லாரும் ஒரு தடவை எக்கோ எடுத்துப் பாத்துக்கணும்னு டாக்டரு அப்பவே சொன்னாரு. அக்கா எடுத்தா, ஒண்ணும் இல்ல. நீ இன்னும் எடுக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னேன், மஸ்கட் கிளம்பும்போது சொன்னேன். உனக்கு ஒண்ணும் இருக்காது, இருக்கக் கூடாது. ஆனா இருந்து, அதை அவ நாளைக்குக் கேட்டா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?

ஆபரேஷன் அன்னைக்கு வந்து நிக்கிறது போதாது. முன்னாடியே வா. ரெண்டு பேரும் டாக்டர் முன்னாடி உக்காந்து, பிள்ளை, மாத்திரை, இன்னொரு ஆபரேஷன் எல்லாத்தையும் வாய்விட்டுப் பேசுங்க. எந்த வால்வுன்னாலும் நானும் அப்பாவும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். பிள்ளை இல்லாமப் போனாலும் சொல்ல மாட்டோம். அப்பாகிட்டக் கேட்டுத்தான் இதை எழுதுறேன்.

வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லச் சொல்லியிருக்காங்க. டிக்கெட் போட்டதும் எனக்கு இல்ல, முதல்ல அவளுக்குப் போன் பண்ணு. அடுத்தது சம்பந்திக்கு.

அன்புடன்,
அம்மா

ரத்தம் குடுக்க ஆள் வேணும்னு சொல்லியிருக்காங்க. உன் பழைய கூட்டாளிங்க நம்பரை அக்கா பையனுக்கு அனுப்பு. உன் எக்கோவை அதே ஆஸ்பத்திரியில, அதே வாரத்துல எடுத்துடலாம்.