புதுமுகங்கள்மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஞாயிறு இணைப்பில் வந்த இந்திக் காதல் படங்கள் பற்றிய கட்டுரை, 2018-இல் வெளியான ‘தடக்’ ஏமாற்றம் தந்ததற்கு நடித்த இருவரின் அனுபவமின்மையே காரணம் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. இதை மறுத்தாக வேண்டும். இஷான் கட்டர் அதே ஆண்டு ஏப்ரலில் ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் படத்தில் நாயகனாக வந்து நல்ல பெயர் வாங்கியவர். ஜான்வி கபூருக்கு அது முதல் படம் என்பது உண்மை. தாய் ஸ்ரீதேவி இறந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் படம் வந்தது. சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்தவரின் மகள் என்று நம் ஊர்ப் பத்திரிகைகளும் அதை அன்போடுதான் வரவேற்றன.

அனுபவமின்மைதான் குறை என்றால், ‘தடக்’ எதிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மராத்திப் படம் அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? நாகராஜ் மஞ்சுளேயின் ‘சைராட்’ 2016 ஏப்ரல் 29-இல் வந்தது. நாயகி ரிங்கு ராஜ்குரு சோலாப்பூர் மாவட்டத்துப் பள்ளி மாணவி. அதற்கு முன் கேமராவைப் பார்த்தவரல்ல. நாயகன் ஆகாஷ் தோசரும் அப்படியே. படம் திரைக்கு வருவதற்கு முன்பே ரிங்குவுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்துவிட்டது. குடும்பத்தின் எதிர்ப்பை மீறிக் காதலித்து ஊரைவிட்டு ஓடும் இருவரின் அதே கதை, அதே இரட்டை இசையமைப்பாளர்கள் அஜய் - அதுல். ஒன்று மராத்தித் திரையுலகின் வசூல் வரலாற்றையே மாற்றி எழுதியது. மற்றொன்றும் பணம் சம்பாதித்தது, ஆனால் மனத்தில் தங்கவில்லை. இந்த வித்தியாசத்துக்கான விடை திரைக்கதையில் இருக்கிறது, நடிகர்களின் முகத்தில் தேடிப் பயனில்லை.

முதலில் இடம். சைராட் நடப்பது சோலாப்பூர் மாவட்டத்துக் கர்மாளா வட்டாரத்தில். கரும்புக் காடு, வறண்ட மேடு, உஜனி அணையின் நீர்ப்பரப்பு ஆகிய மூன்றும் அந்தப் பகுதிக்கே உரியவை. கரும்பும் அரசியலும் நாயகி ஆர்ச்சியின் பாட்டீல் குடும்பத்தின் கையில். நாயகன் பர்ஷ்யாவின் அப்பா மீன்பிடித்துப் பிழைப்பவர். ஆக, நிலத்தைக் காட்டினாலே யார் மேலே, யார் கீழே என்பது தெரிந்துவிடும், வசனம் தேவையில்லை. தடக் இதை உதய்ப்பூருக்குக் கொண்டுபோனது. ஏரி, அரண்மனை, படகு, பழைய ஹவேலி எல்லாம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் நாயகனின் குடும்பம் அங்கே சுற்றுலாப் பயணிகளை நம்பி உணவகம் நடத்துகிறது. நல்ல சட்டை போடுகிறான், நண்பர்களோடு ஊர் சுற்றுகிறான். அவனுக்கும் அரசியல்வாதி ரத்தன் சிங்கின் மகளான நாயகி பார்த்தவிக்கும் நடுவே பணத்தில் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்துக்காக ஒரு அண்ணன் தங்கையின் வீடு தேடி வந்து கொலை செய்வான் என்று எந்தப் பார்வையாளர் நம்புவார்?

சாதி என்ற சொல் படத்தில் ஓரிரு இடத்தில் வந்துபோகிறது. அப்பா மகனை எச்சரிப்பதோடு அது முடிகிறது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ‘பத்மாவத்’ படத்துக்கு எதிராக ராஜஸ்தானில் ராஜபுத்திர அமைப்புகள் பெரும் போராட்டம் நடத்தின. அதன் பிறகு ராஜபுத்திரக் குடும்பத்தை வைத்துச் சாதியைப் பேச மும்பைத் தயாரிப்பாளர்கள் தயங்கியிருந்தால் வியப்பில்லை. அந்தத் தயக்கம் உண்மையென்றால் கதையை வேறு மண்ணில் வைத்திருக்கலாம். சாதியை எடுத்துவிட்டுக் கொலையை மட்டும் வைத்துக்கொண்டதுதான் பெரும் பிழை.

ஏனென்றால் சைராட்டில் சாதி ஒரு ‘கருத்தாக’ வரவில்லை. அதுதான் ஒவ்வொரு காட்சியையும் அடுத்த காட்சிக்குத் தள்ளும் விசை. வகுப்பில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆசிரியரை ஆர்ச்சியின் அண்ணன் பிரின்ஸ் அறைகிறான். அதற்கு வீட்டில் அவனுக்குக் கிடைப்பது கண்டிப்பு அல்ல, செல்லம். காதல் முற்றுவதற்கு முன்பே வரும் காட்சி இது. கதைக்கு நேரடித் தொடர்பில்லாததுபோல் தோன்றும். ஆனால் அங்கேதான் இறுதிக் காட்சிக்கு விதை விழுகிறது: கை ஓங்கினால் கேட்பாரில்லை என்பதைப் பிரின்ஸ் கற்றுக்கொள்ளும் இடம் அது. பிறகு காவல் நிலையத்தில் பையன்கள்மேல் பாலியல் வன்கொடுமைப் பொய்ப் புகார் எழுதப்படுகிறது. தன் விருப்பத்தில் போனதாகச் சொல்லி ஆர்ச்சியே போராடித்தான் அதை விலக்க வேண்டியிருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் பர்ஷ்யாவின் தந்தை தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறார். எல்லாக் காட்சிக்கும் ஒரே வேர்தான். அந்த வேரைப் பிடுங்கிவிட்டால் இதே காட்சிகள் வெறும் ‘கண்டிப்பான அப்பா’ கதையாகிவிடும். கண்டிப்பான அப்பாவை இந்தி சினிமாவில் 1990-களிலிருந்தே நூறு முறை பார்த்தாயிற்று. அஷுதோஷ் ராணா போன்ற வலுவான நடிகர் இருந்தும் ரத்தன் சிங் உருட்டி விழிக்கும் அரசியல்வாதியாக நின்றுவிடுவது இதனால்தான்.

அடுத்து நீளம். சைராட் 174 நிமிடம். தடக் ஏறக்குறைய 137 நிமிடம். முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் போயிருக்கிறது. குறைத்ததைக் குற்றம் சொல்லவில்லை, எதைக் குறைத்தார்கள் என்பதே கேள்வி. சைராட்டில் பாட்டு நான்கு. நான்குமே முன்பாதியில் வந்து தீர்ந்துவிடும். ஓடிப்போன பிறகு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. முதல் ஒன்றரை மணி நேரம் நம் வழக்கமான காதல் படம்போல மெதுநகர்வு, வயலின் கூட்டம், கிணற்றில் குதியாட்டம். ஹைதராபாத் ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த இசை மொத்தமும் அறுந்துவிடுகிறது. குடிசைப் பகுதியில் ஓர் அறை, பொதுக் கழிப்பறை, வேலைக்குப் போகும் இடத்தில் புரியாத தெலுங்கு. டிராக்டர் ஓட்டி, புல்லட்டில் வந்து ஊரையே வாய்பிளக்க வைத்த பெண் அங்கே நாற்றம் தாங்காமல் அழுகிறாள். அவன் தோசைக்கடையில் நிற்கிறான், அவள் பாட்டில் தொழிற்சாலைக்குப் போகிறாள். பின்பு சந்தேகம், சண்டை, அடி, பிரிவு, திரும்பி வருதல். காதலித்தவனும் கை ஓங்குகிறான் என்பதைப் படம் மறைக்கவில்லை. இந்தப் பின்பாதி நீளமாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த நீளம்தான் மருந்து. அவர்களின் சின்னச் சின்ன முன்னேற்றத்தை, ஒரு வண்டி, ஒரு வீடு, ஒரு குழந்தை என்று நாமும் கூட இருந்து எண்ணியிருந்தால்தான் கடைசியில் இழப்பின் கணக்கு நமக்குத் தெரியும்.

தடக்கில் இந்தப் பகுதி கொல்கத்தாவில் நடக்கிறது. தங்க இடம் கிடைக்கிறது, நல்ல மனிதர்கள் கிடைக்கிறார்கள், நகரமும் அழகாகவே படமாகியிருக்கிறது. வறுமை ஒரு மனநிலையாக வருகிறதே தவிர, வாடகை எவ்வளவு, சமையல் யார், தண்ணீர் எங்கே என்ற கேள்வியாக வரவில்லை. பார்த்தவியின் முகத்தில் களைப்பு ஏறுவதற்கு ஜான்விக்குத் திரைக்கதை நேரமே கொடுக்கவில்லை. இதை நடிப்பின் குறை என்று எப்படிச் சொல்வது?

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஜிங்காட்’ பாட்டு கிராமத்துப் பையன்கள் குத்தாட்டம் போடுவதற்கென்று கர்மாளாப் பேச்சுவழக்கில் பிறந்தது. தடக் அதே மெட்டை எடுத்து இந்திச் சொல் போட்டது. மெட்டு அதேதான், ஆனால் வட்டார வழக்கின் முரட்டுத்தனம் போனதும் அது எந்தக் கல்யாண மண்டபத்திலும் ஒலிக்கக்கூடிய பாட்டாகிவிட்டது. நம் ஊர்க் கானாவைச் செந்தமிழில் எழுதிப் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி.

இறுதிக் காட்சிக்கு வருகிறேன். இரண்டு படத்தையும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். சைராட்டில் ஆர்ச்சி அம்மாவிடம் தொலைபேசியில் பேசிய பிறகு அண்ணனும் உறவினர்களும் பரிசுப் பொருள்களோடு வருகிறார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுக்கிறாள். அவர்கள் குடிக்கிறார்கள். யாரும் பேசுவதில்லை. கொலையைப் படம் காட்டவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்ணோடு வெளியே போயிருந்த குழந்தை திரும்பி வந்து பார்த்து, அழுதபடி வெளியே நடக்கிறது. தரையில் சின்னச் சின்ன ரத்தக் காலடிகள். ஒலி அறவே இல்லை. தடக்கில் கணவனும் குழந்தையும் மேலிருந்து வீசப்பட்டு, கீழே நிற்கும் பார்த்தவியின் கண்முன் விழுகிறார்கள். யார் பிழைத்தார்கள் என்ற மாற்றம் பெரிதல்ல. 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டப்பட்டபோது கௌசல்யா பிழைத்தார், அதுவும் நடக்கக்கூடியதே. பெரிய மாற்றம் தேநீர்தான். கொலைக்கு வந்தவர்கள் அவள் கையால் வாங்கிக் குடிக்கும் அந்த நேரம் அங்கே நம்மை நெரிக்கிறது. இங்கே நிகழ்வது திடீர் அதிர்ச்சி. திரையரங்கை விட்டு வெளியே வந்ததும் அது கலைந்துவிடும்.

இதே தமிழ்நாட்டில் 2018 செப்டம்பர் 28-இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது, தடக் வெளியாகி பத்தே வாரத்தில். மாரி செல்வராஜ் அந்தப் படத்தையும் தேநீரில்தான் முடித்தார்: இரண்டு குவளைகள், நடுவில் ஒரு பூ. அதைத்தான் 2025 ஆகஸ்டில் ‘தடக் 2’ என்ற பெயரில் ஷாஜியா இக்பால் இந்தியில் எடுத்தார். நாயகனுக்கு நீலேஷ் அஹிர்வார் என்று சாதி தெரியும் பெயரே வைத்தார்கள். இரண்டாவது படத்தில் முடிந்தது முதல் படத்தில் முடியாமல் போனதற்கு ஜான்வியும் இஷானும் பொறுப்பல்ல.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். தம் கட்டுரை முழுக்கக் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் பல ஆண்டுகள் வலியுறுத்தித்தான் ‘ஆணவக் கொலை’ என்ற சொல் நிலைபெற்றது. அடுத்த பதிப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை