ஏழாவது பாட்டு

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய பதினொரு பாட்டையும் கேட்டுவிட்டேன். வியாழக்கிழமை இரவு வந்தவுடன் போனிலேயே ஒருமுறை. மறுநாள் காலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை. நேற்றுச் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை; விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நடுவில் நிறுத்தாமல் கேட்டேன். "கேட்டுட்டு உண்மையைச் சொல்லும்மா" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் எனக்குப் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும், சொல்ல வந்தது போய்விடும். அதனால்தான் கடிதம்.

உன் குரல் பழுத்திருக்கிறது. முதல் ஆல்பத்தில் ஒவ்வொரு வரியையும் கேட்பவர் கையில் கொண்டுபோய்த் திணிக்கப் பார்த்தாய். இதில் வரியைப் பாடிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறாய். வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற தைரியம் வந்திருக்கிறது. இரண்டாவது பாட்டில் விரல் கம்பிமேல் வழுக்கும்போது எழுகிற அந்தக் கீச்சொலியைத் துடைத்துவிடாமல் வைத்திருக்கிறாயே, அது அப்படியே இருக்கட்டும். ஒன்பதாவதில் கடைசிச் சரணம் வேண்டாம். மூன்றாவது சரணத்திலேயே அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள், அப்புறம் அவள் ஏன் கிளம்பினாள் என்று நீ விளக்க வேண்டியதில்லை. மாஸ்டரிங், அந்தக் கடைசி ஒலிச் செப்பம், இன்னும் முடியவில்லை என்றாயே, முடிந்தால் எடுத்துவிடு.

மற்றப் பாட்டுகளைப் பற்றி இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்ததே ஏழாவது பாட்டுக்காக.

பாட்டுகளோடு ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தாய், யார் யார் என்ன செய்தார்கள் என்று. வயலின் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர் எல்லார் பெயரும் இருக்கிறது. பதினொரு பாட்டுக்கும் நேராக "பாடல், இசை" என்று உன் பெயர் மட்டும். மற்றப் பத்துக்கும் அது நியாயம். ஏழாவதின் வரிகளும் உன்னுடையவைதான். ஆனால் அந்த மெட்டு உன்னுடையது இல்லை, கண்ணம்மா. அது பாட்டியுடையது.

நீ மறைத்தாய் என்று நான் நினைக்கவில்லை. காதில் விழுந்தே வளர்ந்த மெட்டு நமக்குள்ளேயே பிறந்த மாதிரி தோன்றும், அது இயற்கைதான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் நீ வந்திருந்தபோது பாட்டி பாடிய அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாய். அதை இன்னொரு தடவை கேள். எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அப்போது உனக்கு எட்டு மாதம். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஓடும் கேசட் அது. தனி மைக் கிடையாது, டேப் ரெக்கார்டரிலேயே இருக்கிற மைக்தான். பாட்டி பாடுவதைப் பிடிக்கிறேன் என்று சொன்னால் பாடமாட்டாள். அதனால் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்து, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டு நகர்ந்துவிட்டேன். முதலில் "டக்" என்று அந்தப் பட்டன் சத்தம் கேட்கும். அப்புறம் நீ அழுகிற சத்தம். அதற்கு அடியில், மெதுவாக, ஒரு தட்டல் தொடங்கும். உன் முதுகில் அவள் உள்ளங்கை. பாட்டு வருவதற்கு முன்னாலேயே அந்தத் தட்டல் வந்துவிடும். ஒரு அழுத்தம், இரண்டு லேசு. ஒரு அழுத்தம், இரண்டு லேசு.

இப்போது உன் ஏழாவது பாட்டைப் போட்டு, கட்டைவிரல் அடிக்கிற கீழ்ச்சுருதிக் கம்பியை மட்டும் கவனி. ஒரு அழுத்தம், இரண்டு லேசு. நேற்று இருட்டில் அது தொடங்கியதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அம்மாவின் கை அது.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது அடி முடிகிற இடத்தில் நீ ஒரு இடைவெளி விடுகிறாய். கணக்குப்படி அடுத்த அடி உடனே எடுக்க வேண்டும். நீ எடுக்கவில்லை, கிட்டார் மட்டும் ஒரு சுற்றுப் போகிறது, அப்புறம்தான் குரல் வருகிறது. ஒலிப்பதிவின்போது அந்த இடத்தை இறுக்கிவிடலாம் என்று சொன்னார்களாம், நீ விடவில்லையாம், போன மாதம் நீயே சொன்னாய். "ஏன்னு தெரியலம்மா, அங்க நிக்கணும்னு தோணுச்சு" என்றாய். ஏன் என்று எனக்குத் தெரியும். பாட்டி அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள், குழந்தை தூங்கிவிட்டதா என்று. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்ப்பாள், கை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். தூங்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த அடியை எடுப்பாள். கேசட்டில் அந்த இடத்தில் நீ ஒரு சின்ன முனகல் முனகுவாய். உடனே அவள் குரல் வரும். உன் பாட்டைக் கேட்கிறவர்கள் அந்த இடைவெளியை நீ யோசித்து வைத்ததாக நினைப்பார்கள். அது உன்னைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டில், நீ தூங்காததால் உண்டான இடைவெளி.

இதற்குப் பிறகும் அந்தப் பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் இருக்கலாமா?

நீ காலேஜில் படிக்கும்போது அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் வாசிக்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்று விரல் காய்த்துப்போகும் வரை பழகினாயே, அவர் கதையை எனக்குச் சொன்னதே நீதான். இடதுகைக்காரர் என்பதால் வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ச்சுருதிக் கம்பிகளையும் வாசித்தவர். பதினொன்று பன்னிரண்டு வயதில் சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பல பத்து வருஷம் கிட்டாரையே தொடாமல் இருந்துவிட்டு, சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டுவேலை பார்த்தார். அந்த வீட்டுப் பெண் பெகி சீகர் அவரிடம் கற்றுக்கொண்ட பாட்டை இங்கிலாந்தில் போய்ப் பாட, 1957இல் அங்கே வேறு ஒரு குழு அதைப் பெரிய ஹிட்டாக்கியது. எழுதியவர்கள் என்று பதிவானதோ வேறு இரண்டு பேர் பெயர். அந்தக் குடும்பம் துணை நின்ற பிறகுதான் அவர் பெயர் அதில் ஏறியது. இதைச் சொல்லும்போது உனக்குக் கண் சிவந்துவிட்டது. "அந்த வீட்டுல தரையத் துடைச்சுக்கிட்டிருந்தவங்கம்மா அவங்க" என்று சொன்னாய். அந்தக் கோபத்தை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய்.

தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா கதை இன்னும் கொடுமை. 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் பாடிப் பதிந்த பாட்டுக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய், 1961இல் ஆங்கில வரிகளோடு உலகம் முழுக்கச் சுற்றியது. அவர் அடுத்த வருஷமே வறுமையில் இறந்துபோனார். மகள்கள் வழக்குப் போட்டு, 2006இல்தான் ஒரு உடன்பாடு வந்தது. பணம் போனது ஒரு பக்கம். அந்தப் பாட்டு பல இடங்களில் வெறும் "ஆப்பிரிக்க நாட்டுப்பாடல்" என்றே சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ பாடியது, எங்கிருந்தோ வந்தது என்று.

அதனால்தான் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்கிறேன். "சரிம்மா, மரபு மெட்டுன்னு போட்டுடறேன்" என்று நீ சொல்வாய். சட்டப்படி அதில் தப்பு இருக்காது. வழிவழியாக வந்த மெட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதற்கு நீ எழுதிய புது வரிகளும் அமைத்த வாசிப்பும் உன்னுடையவை. ஆனால் "மரபு" என்று மட்டும் எழுதினாலும் பாட்டி காணாமல் போய்விடுவாள். மரபு என்பது யாரோ ஒருத்தி ஒரு நாள் இருட்டில் உட்கார்ந்து பாடியது தானே? நான் ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறேன், "இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தா?" என்று. "பாதி எங்கம்மா பாடினது, மீதி நானா இழுத்துக்கிட்டது" என்றாள். அந்த வார்த்தையை அப்படியே வைத்துக்கொள். "மெட்டு: வழிவழியாக வந்தது, பாட்டி பாடியபடி" என்று எழுதி அவள் பெயரைப் போடு. வரிகளுக்கும் கிட்டார் அமைப்புக்கும் உன் பெயர். மூன்றுமே உண்மை.

அவள் இருந்திருந்தால் "என் பேரு எதுக்குடி" என்றுதான் சொல்லியிருப்பாள். தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்பதாலேயே நாம் விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. அவள் எத்தனையோ வேண்டாம் என்று சொன்னாள், நாமும் சரி என்று எடுத்துக்கொண்டோம்.

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீ யோசிக்கலாம். உன்னிடம் இதைச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாட்டுக் கேசட்டில் நாங்கள் ஆறு பெண்கள் கோரஸ் பாடினோம். மூன்று நாள், காலையிலிருந்து இரவு வரை. அதில் ஒரு பாட்டின் நடுவில் வரும் ஹம்மிங் நான் அந்த இடத்திலேயே பாடிக் காட்டியது. எல்லாருக்கும் பிடித்துப்போய் அதையே வைத்துக்கொண்டார்கள். கேசட் வெளியானதும் வாங்கி, அட்டையைப் பிரித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். "மற்றும் குழுவினர்" என்று இருந்தது. இரண்டு சொல், ஆறு பேருக்கு. யார்மேலும் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. ஆனால் அந்த அட்டையில் விரல் வைத்த இடம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போன பிறந்தநாளுக்கு நீ வாங்கித்தந்த அந்தப் பழைய ஃபோக்வேஸ் கம்பெனி இசைத்தட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறதே, பாட்டைவிட அதுதான் எனக்குப் பொக்கிஷம். மோசஸ் ஆஷ் 1948இல் அந்தக் கம்பெனியைத் தொடங்கி, இரண்டாயிரத்துக்கும் மேல் தட்டுகள் வெளியிட்டார். விற்கிறதோ இல்லையோ எதையும் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருந்தார். யார் பாடினார்கள், யாரிடமிருந்து கற்றார்கள் என்று உள்ளே எழுதிவைத்தார். காட்டனின் முதல் தட்டும் 1958இல் அங்கேதான் வந்தது. இப்போது போனில் பாட்டுக் கேட்கிறவர்கள் கையில் அந்தப் புத்தகம் இல்லை. மூன்று புள்ளியைத் தொட்டு, கீழே தள்ளி, ஒரு சின்ன வரியைத் தேட வேண்டும். தேடுகிறவர்கள் நூறில் ஒருவர் இருக்கலாம். அந்த ஒருவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பது உன் கையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். எழுதியவர் தன் உரிமையை விற்றுவிட்டாலும், தன் படைப்பென்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரைவிட்டுப் போகாது என்று, படைப்பாளர் உரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் 1928லேயே சேர்த்திருக்கிறார்கள். நம் வீட்டில் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. பணத்தைவிடப் பெயர் தனியாக ஒன்று என்று அப்போதே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இதை இப்போதே செய்துவிடு. பாட்டு எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெயரைத் திருத்துவது எவ்வளவு அலைச்சல் என்று போன ஆல்பத்திலேயே பட்டாய். வயலின் வாசித்தவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதற்கு எத்தனை மெயில் அனுப்பினாய்! விநியோகிக்கிறவர்களின் படிவத்தில் இசையமைத்தவர் கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் போடலாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இன்னும் அனுப்பவில்லை என்றால் இந்த வாரமே எழுதிவிடு. இசைத்தட்டும் அச்சடிக்கப் போவதாகச் சொன்னாய், அதன் உறையிலும் மறக்காதே. அப்புறம், தட்டில் ஏழாவது பாட்டு இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டாக வரும்படி பார்த்துக்கொள். தட்டைத் திருப்பிப் போட்டு, முள் விழுந்து, அந்தச் சின்னக் கரகரப்புக்குப் பிறகு கட்டைவிரல் தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பாட்டியின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்பாய். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, உன் தாத்தா எழுதுவது ஒரு மாதிரி, இரண்டிலும் எழுத்து வேறு. அவளே எழுதியது ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அந்தக் கேசட்டின் அட்டையில். பதிந்தது தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் ஒரு நாள் என் பேனாவை வாங்கி அட்டையின் உள்பக்கத்தில் தன் பெயரை எழுதிவைத்தாள். தொலைந்துபோனால் யாராவது திருப்பிக் கொடுப்பார்கள் என்றாள். அதைப் படமெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தலைப்பெழுத்து, புள்ளி, எல்லாம் அவள் போட்டபடியே போடு.

அன்புடன்,
அம்மா