ஆண்டறிக்கை: இந்த ஆண்டு ஆயில் புகைதான் பெரிய விஷயம்

தலைவர் அவர்களுக்கும், பாலக்காட்டுக் கணவாயில் உள்ள கஞ்சிக்கோடு, வாளையார் உலோகப் பட்டறைகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தணிக்கை முடிந்த வரவுசெலவுக் கணக்கு தனித்தாளில் உங்கள் கையில் இருக்கிறது; பொருளாளர் விளக்குவார். ஓணமும் பொங்கலும் வழக்கம்போல் நடந்தன. மின்தடை பற்றிக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. இவற்றுக்கு இவ்வளவு போதும்.

ஆயில் புகைக்கு, அதாவது எந்திரங்களிலிருந்து நுண்துளிகளாகச் சிதறிக் காற்றில் மிதக்கும் எண்ணெய்க்கு, வருகிறேன். ஓர் உறுப்பினரின் கிரைண்டிங் பட்டறையில் உறிஞ்சுகுழாய்க்குள் தீப்பொறி போய், உள்ளே படிந்திருந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. ஆளுக்குச் சேதமில்லை. அதன் பிறகு செயற்குழு பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்தது. டியூப்லைட்டைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கை நுனியில் எண்ணெய் சொட்டாகத் தொங்குகிறது. கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது என்று ஷட்டரை இறக்கிவிடுகிறோம். புழுதி வெளியே நிற்கிறது, எண்ணெய் உள்ளே நிற்கிறது.

"நம் ஆயிலின் தீப்பற்றும் வெப்பநிலை அதிகம், பயமில்லை" என்று பலர் சொன்னார்கள். அந்த எண் தட்டில் ஊற்றிய எண்ணெய்க்குத்தான் பொருந்தும். நுண்துளிகளாகச் சிதறி மிதக்கும் எண்ணெய் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும். நம் கூட்டத்துக்கு வந்த ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் 1947-இல் பெல்ஃபாஸ்ட் அருகே 'ரெய்னா டெல் பசிஃபிகோ' கப்பலில் நடந்ததைச் சொன்னார். என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். உள்ளே ஏதோ ஒரு பாகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய் ஆவியாகி, குளிர்ந்து, வெண்புகைபோல் மிதக்கும் நுண்துளிகளாகிறது. அதே சூடு அதைக் கொளுத்துகிறது. பெரிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: அப்படிச் சந்தேகம் வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். ஆறும் முன் கிராங்க்கேஸ் கதவைத் திறந்தால் புதுக்காற்று உள்ளே புகும், வெடிக்கும்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும், மூச்சில் போவது தெரியாது. பத்து மைக்ரானுக்குக் கீழான துளிகள் நுரையீரலுக்குள் இறங்கும். இருமல், இழுப்பு எல்லாம் அதன் வழி வருபவை. கையில் வரும் எண்ணெய்க் கொப்புளம் தோலில் படும் எண்ணெயால் வருவது. தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கனிம எண்ணெய்த் துளிகளுக்கு வைத்த எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாக, கனமீட்டருக்கு 5 மில்லிகிராம். உலோகம் வெட்டும் திரவங்களுக்கு அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1998-இல் பரிந்துரைத்தது வெறும் 0.5. நாம் 5-ஐத் தாண்டாமல் இருந்தாலே திருப்திப்பட்டுக்கொள்கிறோம். எனக்கு அது போதாது என்று படுகிறது.

என்னைக் கோபப்படுத்தியது வேறு. வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைச் சிலர் உலோகம் வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயிலாகப் பயன்படுத்துகிறார்கள். சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி; இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்புத் தொழிலாளர்கள் இடுப்புத்துணி எண்ணெயில் ஊறி அந்த நோய் கண்டார்கள். ஓடித் தேய்ந்த என்ஜின் ஆயில் அதைவிட நல்லது என்று யாரும் என்னிடம் வாதாட வேண்டாம். இதைத் தடை செய்யும் தீர்மானம் இன்று முன்வைக்கப்படுகிறது.

செலவில்லாத வேலையும் இருக்கிறது. காற்றுக்குழாயில் எண்ணெய் சொட்டவிடும் லூப்ரிகேட்டரைப் பெரும்பாலோர் தேவைக்கு மேல் திறந்து வைத்திருக்கிறோம். வால்வின் காற்று வெளியேறும் துளைக்கு எதிரே ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். லேசான கறை சரி, தாள் நனைந்தால் சொட்டைக் குறையுங்கள். உலோகச் சீவல்களை ஏர் கன்னால் ஊதுவதற்குப் பதில் பிரஷ்ஷால் தள்ளுங்கள். எந்திரத்தின் சுழற்சி நின்று சற்றுப் பொறுத்தே அதன் கதவைத் திறக்க வேண்டும். திங்கட்கிழமை நாறும் கூலன்ட்டில், அதாவது வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவத்தில், கிருமி வளர்ந்திருக்கிறது. மருந்தை மட்டும் கொட்டாமல், மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்துத் தொட்டியைக் கழுவுங்கள். துணிமுகமூடி இந்தத் துளியைத் தடுக்காது.

எச்சரிக்கைப் பலகைகள் பல இடங்களில் மலையாளத்தில் மட்டுமே இருந்தன. தமிழிலும் இந்தியிலும் அச்சடித்துத் தந்திருக்கிறோம். இரவு ஷிப்ட் ஆட்கள் நிற்கும் இடத்தில் மாட்டுங்கள், அலுவலக அறையில் வேண்டாம்.

சிறு பட்டறைகள் மொத்தமாகச் சேர்ந்து புகை வடிப்பான் வாங்குவதற்கான விலைப்பட்டியல் உணவுக்குப் பிறகு விவாதத்துக்கு வரும். சந்தா பாக்கி உள்ளவர்களும் கலந்துகொள்ளலாம், வாக்களிக்க மட்டும் பாக்கியைக் கட்டியிருக்க வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்