அந்த ஒன்பது நொடிக்காக ஒரு மடல்

பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கு,

வணக்கம். நானும் என் நண்பனும் மூன்று வருடமாகத் தமிழில் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். ராக் இசை, கால்பந்து, கிரிக்கெட், அப்புறம் அந்த வாரம் ஊரே பேசுகிற சினிமா, சீரிஸ். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்வோம். இதில் வருமானம் எதுவும் இல்லை.

போன மாதம் 'செவன் நேஷன் ஆர்மி' பற்றி ஒரு எபிசோட் போட்டோம். 2003-இல் தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற ராக் இசைக்குழு வெளியிட்ட பாட்டு. அதன் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன இசைத் துண்டில், ஏழு ஸ்வரம்தான். கேட்டால் கனத்த ஒலி தரும் பேஸ் கிட்டார் என்றே தோன்றும். ஆனால் அந்தக் குழுவின் ஜாக் ஒயிட் வாசித்தது சாதாரண கிட்டார். காலால் இயக்கி ஒலியை மாற்றும் ஒரு பெடலை வைத்து அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். அதே வருடம் அக்டோபரில், மேட்ச் பார்க்க மிலானுக்குப் போன பெல்ஜியத்தின் கிளப் ப்ரூகே ரசிகர்கள் ஸ்டேடியத்தில் இந்த ரிஃப்பைப் பாடினார்கள். அன்று ஏசி மிலானை அவர்கள் அணி 1-0 என்று ஜெயித்தது. பாட்டும் அவர்களோடு ஊருக்குப் போனது. 2006 உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது தெருவெல்லாம் "போ போ போ" என்று அதே ஏழு ஸ்வரம்.

இதைக் காட்ட ஒன்பது நொடி கிட்டாரை ஓடவிட்டோம். இரவு ஏற்றிய எபிசோட் காலையில் இல்லை, பதிப்புரிமை என்று சொல்லி நீக்கியிருந்தார்கள். நாற்பத்தெட்டு நிமிடப் பேச்சும் அதோடு போயிற்று. இரண்டு முறை முறையிட்டோம். இரண்டு முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில். கடைசியில் நண்பன் வாயாலேயே "டம்... டம் டம்" என்று பாடி மறுபடி ஏற்றினோம். "அந்தப் பெடல் சத்தம் எப்படி இருக்கும்னு கடைசிவரை காட்டவே இல்லையே அண்ணா" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு இது தெரியாது. ஒலி பொருந்துகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். முன்னும் பின்னும் நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்காது. அதனால்தான் கேட்கிறேன்: "இது விமர்சனம்" என்று நாங்கள் எழுதி முறையிட்டால், உங்கள் பக்கம் ஒரு மனிதர் பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு நிமிடப் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு முடிவு சொல்லட்டும்.

உரிமம் வாங்கவும் நாங்கள் தயார்தான். கேட்டபோது வந்த படிவத்தில் வானொலிக்கு ஒரு கட்டம், விளம்பரப் படத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு இல்லை. அந்தக் கட்டத்தைச் சேருங்கள், எங்களால் கட்ட முடிகிற தொகையில்.

அடுத்த எபிசோட் லிவர்பூல் கால்பந்து அணியின் ஸ்டேடியமான ஆன்ஃபீல்டு பற்றி. 1945-இல் ஒரு மேடை இசை நாடகத்துக்காக எழுதிய 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டு, 1963-இல் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் என்ற இசைக்குழு பாடி, லிவர்பூல் ரசிகர்களின் பாட்டாகவே ஆன கதை. பேச்சைப் பதிவு செய்துவிட்டோம். பாட்டு வரவேண்டிய பன்னிரண்டு நொடியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.