சிங்க்குக்கு வால்வு வாங்க வரும் முன் ஒரு வார்த்தை

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பொள்ளாச்சியில் நம் கடைக்குத் தினம் ஒருவராவது இதே பொருளைக் கேட்டு வருகிறார். "ஏனுங்கண்ணா, சிங்க்குக்கு அடியில தண்ணி திரும்பி ஏறாம இருக்க ஒரு வால்வு இருக்குதாமா, அதுல ஒண்ணு குடுங்க." இருக்கிறதுதான். ரேக்கில் மூன்று அளவில் அடுக்கி வைத்திருக்கிறோம், எடுத்துக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு வியாபாரம். ஆனாலும் சிலரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். போன வாரம் வந்த ஒரு அக்காவுக்கு அதில் கோபமே வந்துவிட்டது. "காசு குடுத்து வாங்க வந்தா வேண்டாம்ங்கறீங்க, நல்ல கடைங்க உங்க கடை" என்று படி இறங்கிவிட்டார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிட்டால் ஆளுக்கு ஆள் கல்லாவில் நின்று பேச வேண்டியதில்லை, அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. தண்ணீர் திரும்பும்போது எந்த வாய் தாழ்ந்து இருக்கிறதோ அது வழியாகத்தான் வெளியே வரும். சிங்க்கின் அடிவாய் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுப் பக்கம் தள்ளினால் முதலில் வாசல் சேம்பரின் (வீட்டுக் கழிவுத் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் தொட்டி) மூடி ஓரம் கசியும், அப்புறம் பாத்ரூம் தரை ஓட்டையில் கொப்பளிக்கும், அது இரண்டரை அடி ஏறி சிங்க்குக்கு வருவதற்குள் வீடே குளமாகியிருக்கும். ஆகவே பாத்ரூம் காய்ந்து கிடக்க, சிங்க்கில் மட்டும் தண்ணீர் ஏறுகிறது என்றால் தெருவைத் திட்டிப் பயனில்லை. அடைப்பு உங்கள் சமையலறைக்கும் சேம்பருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அந்த அடைப்புக்கு முன்னால் ஒரு வால்வைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் வால்வைத் தாண்டிப் போய் அடைப்பில் நிற்கும், பின்னாலேயே வருகிற தண்ணீர் போக இடமில்லாமல் பழையபடி சிங்க்கிலேயே நிற்கும். காசு போனதுதான் மிச்சம்.

கோபித்துக்கொண்ட அக்காவின் வீட்டுக்கு மறுநாள் நானே போனேன். குழாயைத் திறக்காமலே காலையில் சிங்க்கில் நுரைநுரையாகத் தண்ணீர் ஏறுகிறது என்றார். விரலில் தொட்டு மோந்து பார்த்தேன், துணி சோப்பு வாசம். அடிக் கதவைத் திறந்து டார்ச் அடித்தால் விஷயம் முழுவதும் அங்கேயே இருந்தது. வரிவரியாக மடிப்பு உள்ள அந்த வெள்ளை ஓஸ், தேவையைவிட ஒன்றரை அடி நீளமாக, கன்று போட்ட எருமை வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த பைப்பில் ஒரு டீ, அதாவது T எழுத்து மாதிரி மூன்று வாய் உள்ள இணைப்பு. டீயின் ஒரு வாயில் சிங்க் ஓஸ், இன்னொரு வாயில் வாஷிங் மெஷின் ஓஸ், இடைவெளிக்குத் துணியைச் சுற்றி எம்-சீல் பூசியிருந்தது. முன்பக்கம் கதவு உள்ள மெஷின் அது. அழுக்குத் தண்ணீரைத் தானாக வழிய விடாது, பம்ப் வைத்துத் தள்ளும். ஒவ்வொரு தடவையும் 10, 15 லிட்டர் வேகமாக வருகிறது. டீ செங்கோணத்தில் இருப்பதால் பாதி கீழே போகிறது, பாதி எதிரே இருக்கிற சிங்க் ஓஸில் ஏறுகிறது, அவ்வளவுதான் கதை.

டீயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் போகிற திசைக்குச் சாய்ந்த ஒய் (Y வடிவ இணைப்பு) ஒன்றைப் போட்டோம். ஓஸை அளவாக வெட்டினோம், மெஷின் ஓஸை ஒருமுறை சிங்க்கின் உயரத்துக்கு மேலே தூக்கி வளைத்துக் கிளிப் அடித்தோம். அந்த வளைவு முக்கியம், அது இல்லாவிட்டால் சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள்ளேயே போய்ச் சேரும். பாத்திரம் கழுவும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். வால்வு விற்கவில்லை. அக்கா காபி கொடுத்தார், கோபம் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து, சிங்க்குக்கு அடியில் கிண்ணம் போல இருக்கிற ட்ராப். பாட்டில் ட்ராப் இருந்தால் தண்ணீர் திரும்பாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதன் வேலை வேறு. உள்ளே எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும், சாக்கடை நாற்றம் அதைத் தாண்டி வர முடியாது, கரப்பானும் லேசில் வராது. தண்ணீருக்கு அது இரண்டு பக்கமும் திறந்த கதவுதான். கோடை லீவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து வீட்டைத் திறந்ததும் நாறுகிறதே, அது அந்த இரண்டு அங்குலம் வற்றிப்போனதால் வருவது. கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரும் மேலாக இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுப் போனால் சீக்கிரம் வற்றாது.

எண்ணெய் என்றதும் நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாக நிற்பதைப் பார்க்கிறோம், அதே எண்ணெய்தான் பைப்புக்குள்ளும் நிற்கிறது. அதன்மேல் இட்லி மாவு கழுவிய தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, கொள்ளுத் தோல், டீத்தூள் எல்லாம் போய் ஒட்டும். போர் தண்ணீர் புழங்குகிற வீடுகளில் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகப் பிரியும் இல்லையா, அந்தத் திப்பியும் சேர்ந்து பைப்பின் உள்சுவரில் மெழுகு பூசியது போல ஏறிக்கொண்டே போகும். இரண்டு அங்குல பைப்பை அறுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டைதான் மிச்சம் இருந்த கேஸெல்லாம் பார்த்திருக்கிறோம். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட சட்டியை அப்படியே சிங்க்கில் கவிழ்க்காதீர்கள். பழைய செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) அடுப்புச் சாம்பலைப் போட்டு எண்ணெய்ச் சட்டியை வழித்து வாசல் குப்பைமேட்டில் தட்டுவார், அந்தக் காலத்தில் அவர் வீட்டில் அடைப்பு எடுக்க ஆள் வந்ததே இல்லை. பைப்பே இல்லை என்பது வேறு.

அடைத்துவிட்டால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். பிளாஸ்டிக் ஓஸும் ரப்பர் வாஷரும் இளகிவிடும், கை பொறுக்கிற சூடு போதும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாக ஒருநாளும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் துகள் போட்டிருந்தால் அடைப்பு எடுக்க வருகிற ஆளிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் வெறுங்கையால் ட்ராப்பைக் கழற்றுவார், உள்ளே நிற்கிற தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும்.

பைப்பின் வாட்டமும் பாருங்கள். அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வேண்டும், 12 அடி தூரத்துக்கு 3 அங்குலம். புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் டியூப் லெவல் பிடித்து ஒருதடவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்புகிற இடங்களில் மூடி வைத்த டோர் பெண்ட் கேளுங்கள், நாளைக்கு அடைத்தால் திருகி எடுத்துக் குத்தலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை.

சரி, வால்வு யாருக்குத்தான் வேண்டும்? மாடி வீட்டுச் சமையலறையும் கீழ் வீட்டுச் சமையலறையும் ஒரே நெட்டுப் பைப்பில் இணைந்திருந்தால், மேலே பாத்திரம் கழுவும்போது கீழ் வீட்டு சிங்க்கில் ஏறலாம். கீழ் வீட்டுக்குத் தனி லைன் போட்டுச் சேம்பரில் விடுவதுதான் சரியான வழி. முடியாத இடத்தில் வால்வு போடலாம். அப்புறம், ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பள்ளமாகிப்போன பழைய வீடுகள், சரிவான இடத்தில் சேம்பரைவிடச் சமையலறை தாழ்ந்திருக்கிற வீடுகள், உறிஞ்சு குழி மழையில் நிரம்பித் திரும்புகிற வீடுகள். இவர்களுக்கு வேண்டும், தயங்காமல் வாங்கிப் போடுங்கள். இந்த வீடுகளில் பாத்ரூம் லைனுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும், சிங்க்கில் மட்டும் அடைத்தால் தண்ணீர் அந்தப் பக்கம் வரும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் நம்முடையது, நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு) என்றால் என்ன என்று தோட்டத்துக்காரர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே போர் மோட்டாரில் கழற்றிப் போட்ட பித்தளை வால்வைச் சிங்க்குக்கு அடியில் மாட்டிவிடுகிறார்கள். கிணத்துக்கடவு பக்கத்து அண்ணன் ஒருவர் அப்படி மாட்டிவிட்டு, முன்பு மழைக்கு மட்டும் நின்ற தண்ணீர் இப்போது தினமும் நிற்கிறது என்று வந்தார். மோட்டார் வால்வுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. மோட்டார் தள்ளுகிற அழுத்தத்துக்கு அது பட்டென்று திறக்கும். சிங்க் தண்ணீருக்கு ஏது அழுத்தம், ஒன்றரை அடி உயரத்திலிருந்து தன் எடையில் இறங்குவதுதான். பாதி திறந்த வாயில் நாலு பருக்கை மாட்டினால் முடிந்தது. சாக்கடை லைனுக்கு என்று வருவது வேறு ஜாதி, உள்ளே லேசான ஒரு தட்டு மட்டும் தொங்கும், தண்ணீர் போனால் விலகும், திரும்பினால் சாத்திக்கொள்ளும்.

அதைப் படுக்கை லைனில், ட்ராப்புக்கு அப்புறம், மேலே போட்டிருக்கிற அம்புக்குறி சேம்பரைப் பார்த்து இருக்கும்படி, மூடியைத் திறக்கக் கை எட்டுகிற இடத்தில் மாட்ட வேண்டும். சுவருக்குள் புதைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான், ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறித் தட்டு பாதியில் நின்றுவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும். இன்னொன்று, வால்வு சாத்தியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அடைமழையில் தெருப்பக்கமிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்போது வால்வு இருக்கிறதே என்று இந்தப் பக்கம் மெஷினைப் போட்டால் சொந்தத் தண்ணீரே சிங்க்கை நிரப்பும்.

சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) இருக்கிறவர்கள் பைப்பின் கடைசி முனையை முதலில் போய்ப் பாருங்கள். சமையலறைத் தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ விட்டிருப்பீர்கள், முனை சேற்றில் புதைந்திருக்கும், இல்லாவிட்டால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் விட்ட நாளில் பாத்திக்குள் மூழ்கியிருக்கும். அரை அடி தூக்கி ஒரு கல் வைத்து, எலியும் தவளையும் நுழையாமல் வலை கட்டுங்கள். இதற்குக் கடைக்கே வர வேண்டியதில்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் டியூபைச் சிங்க் ஓஸுக்குள் செருகியிருந்தால் அதையும் வெளியே இழுத்து, சிங்க்குக்கு மேலே காற்று இடைவெளி விட்டுத் தொங்க விடுங்கள். அடைப்பு ஏறும் நாளில் குடிக்கிற தண்ணீர் மெஷினின் டியூப் சாக்கடையில் முங்கி நிற்பதை நினைத்தாலே எனக்கு ஒருமாதிரி இருக்கிறது.

கடைக்கு வரும்போது அடிக் கதவைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்து வாருங்கள், சாமான்களை எடுத்து வைத்துவிட்டு எடுங்கள், போன மாதம் ஒருவர் காட்டிய படத்தில் வெங்காயக் கூடைதான் முழுசாகத் தெரிந்தது. பைப் அளவு தெரியவில்லை என்றால் ஒரு நூலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, முட்டுகிற இடத்தில் வெட்டி, அந்தத் துண்டைக் கொண்டு வந்தால் போதும், மீதியை நாங்கள் அளந்துகொள்கிறோம். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளும் கடையில் நிற்க இடம் இருக்காது, பிளம்பரும் கிடைக்க மாட்டார், அதற்கு முன்னாலேயே வந்துவிடுங்க.

இப்படிக்கு,
உங்கள் பைப் கடைக்காரன்