ஹொரைசன்ஸ் இருந்த இடம்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் கிடைத்தது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு உன் அம்மா வாசல்வரை தனியாக நடக்கிறார்கள் என்று படித்தபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் டாலஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஆர்லாண்டோ யுனிவர்சல் ஸ்டுடியோஸில், காலப்பயணப் படத்தை வைத்துச் செய்த பேக் டு த ஃபியூச்சர் ரைடு இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை. 1991இல் ஆரம்பித்ததை 2007 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஹாலிவுட்டில் இருந்ததும் அதே வருஷம் போயிற்று. ஜப்பானில் ஒசாகாவில் மட்டும் 2016 வரை ஓடியது. படத்தில் வரும் கால இயந்திரம் மாதிரியே 8 பேர் உட்காரும் அந்த டெலோரியன் காரும், தலைக்கு மேலே வளைந்து நிற்கும் திரையும் உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது ஹொரைசன்ஸுக்காக. ஆர்லாண்டோவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் இருந்த ரைடு, நீ டாம்பாவில் ப்ராஜெக்டில் இருந்த காலத்தில் சேர்ந்து போனோமே, அதுதான். 1983இல் திறந்தது. சுமார் 15 நிமிஷம், அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் நகரும் வண்டி. ஒரு தாத்தாவும் பாட்டியும் பேசிக்கொண்டே அழைத்துப்போவார்கள். முதலில், பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து நிலாவுக்குப் போக ஜூல்ஸ் வெர்ன் கண்ட கனவு மாதிரி, பழைய காலத்து எதிர்காலங்கள். பிறகு ஆம்னிமேக்ஸ் என்னும் பிரம்மாண்டமான வளைந்த திரைகள். அதைத் தாண்டினால் மனிதர்கள் குடியிருக்கும் நாளைய ஊர்கள்: பாலைவனத்தில் ஒன்று, கடலுக்கடியில் ஒன்று, விண்வெளியில் ஒன்று.

பாலைவனப் பண்ணைக்குள் வண்டி நுழையும்போது ஆரஞ்சுப்பழ வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? உண்மையிலேயே வாசனையைக் காற்றில் கலந்துவிட்டிருந்தார்கள். பழம் பறிப்பது ரோபோ. அதை ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்து கவனித்துக்கொள்வாள். அந்த எதிர்காலத்தில் சமையலறை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், தாத்தா பாட்டிக்கும் இடம் இருந்தது. அறிவியல் புனைவு என்றால் லேசர் துப்பாக்கியும் வெடிச்சத்தமும்தான் என்று ஆகிவிட்ட காலத்தில், வாழ்ந்து பார்க்கலாம் என்று ஆசை வரும் எதிர்காலத்தைக் காட்டியது அது ஒன்றுதான் என்பேன்.

விண்வெளியில் ஒரு சிறுவனுக்குப் பிறந்தநாள். வேறு வேறு இடங்களில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஹோலோகிராமில் வந்து நிற்பார்கள். அதைப் பார்த்த நாட்களில் நான் காலிங் கார்டு வாங்கி, நிமிஷத்தை எண்ணி எண்ணி என் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது தினமும் காலையில் வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்த்துத்தான் காபி குடிக்கிறேன். அந்தக் காட்சியைச் செய்தவர்களின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கடைசியில், எந்த வழியாகத் திரும்பலாம் என்று வண்டியே நம்மைக் கேட்கும். விண்வெளி, பாலைவனம், கடல் என்று பட்டன்கள். வண்டியில் இருப்பவர்களில் பெரும்பான்மை எதை அழுத்துகிறார்களோ அந்தப் படம். பெரிய பெரிய மாதிரி ஊர்களைக் கட்டி, அவற்றின் மேல் கேமராவைப் பறக்கவிட்டு எடுத்த படங்கள் அவை.

ஸ்பான்சராக இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் 1993இல் விலகிக்கொண்டது. அடுத்த வருஷக் கடைசியில் மூடினார்கள். பக்கத்து ரைடுகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் 1995 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள். நாம் பார்த்தது அந்தக் கடைசிக் காலத்தில்தான். 1999 ஜனவரி 9ஆம் தேதியோடு ஒரேயடியாக முடிந்தது. கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் 2003இல் மிஷன் ஸ்பேஸ் வந்தது. நம்மை உள்ளே வைத்துச் சுழற்றி, ராக்கெட் கிளம்பும்போது உடம்பை அழுத்தும் விசையை அப்படியே உணரவைக்கும் இயந்திரம். வாந்தி வந்தால் பிடிக்க உள்ளேயே பை வைத்திருக்கிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் அபாரம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏறுகிறவன் விண்வெளிக்குப் போய்வருகிறான், அவ்வளவுதான். நீ எங்கே வாழ ஆசைப்படுகிறாய் என்று அது அவனைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் பத்து வயதுக் குழந்தையிடமும் கேட்ட ஒரு இடத்தை இடித்திருக்க வேண்டாம். மிஷன் ஸ்பேஸ் வரிசையில் நிற்கும்போது ஒரு பெரிய சக்கரம் வரும். அதன் நடுவில் ஹொரைசன்ஸின் பழைய சின்னத்தை வைத்திருக்கிறார்கள். யாரோ அக்கறையாகச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ‘கனவு காண முடிந்தால் செய்தும் காட்டலாம்’ என்று வால்ட் டிஸ்னி பெயரைப் போட்டு ஆபீஸ் சுவர்களில் ஒட்டுகிறார்களே, அது ஹொரைசன்ஸுக்காக டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது. வால்ட் டிஸ்னி 1966இலேயே காலமாகிவிட்டார். உன் பேரன் பள்ளியில் அந்த போஸ்டர் இருந்தால் எழுதியவர் பெயரைச் சொல்லிக்கொடு.

அன்றைக்கு நீ ஹேண்டிகேமும் கையுமாக இருந்தாயே. அந்தக் கேசட் பரணில் எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பார். படம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த இசையும் குரல்களும் கேட்டால் போதும். டிசம்பரில் திருச்சி வருகிறேன். அதற்குள் கிடைத்தால் நானே கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றிக்கொள்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ரவி