அப்பாவுக்குக் கேட்காத குருவி

அன்பு மகள் பொன்னிக்கு,

போனில் சொல்லியிருப்பேன். அப்பா எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கக் கூந்தன்குளம் போய்வந்தோம். ஒரு வாரம் விடாமல் பெய்த மழை சனிக்கிழமைதான் வெறித்தது. விடியுமுன்னே ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். பெரிய ரோடு அவருக்கு ஆகாது. "அதுல என்ன இருக்கு, லாரிதான்" என்று மூலைக்கரைப்பட்டி பக்கம் குளத்தங்கரைப் பாதையாகத் தேடித் தேடிப் போனார். முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். என் இடுப்பைப் பற்றி மட்டும் கேட்காதே.

ஆனால் கார்த்திகை மாதத்து நம் ஊர்க் காட்டை நீ பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! ஆடியில் கருகிக் கிடந்த தரிசா இது என்றிருந்தது. கரண்டுக் கம்பியில் பனங்காடை மண் நிறத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. பறந்ததும் அப்படியொரு நீலம். உடைமரம் முழுக்கச் சூறைக்குருவி. மத்திய ஆசியாவிலிருந்து வந்து நம் ஊர் வெட்டுக்கிளியைத் தின்கிறது. ஒரு பூனைப்பருந்து தரையைத் தொட்டுவிடுகிற மாதிரி தாழ்வாகப் போனது. அப்பா வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போடாமலே இறங்கிவிட்டார். நான் வண்டியோடு சாயப் பார்த்தேன்.

கூந்தன்குளத்தில் தண்ணீர் நன்றாகக் கிடக்கிறது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வந்துவிட்டன. வரித்தலை வாத்தைக் காணோம். இமயமலையைத் தாண்டி வரவேண்டாமா, மார்கழி ஆகும் என்றார் அப்பா. 1994-ல் இதைப் பறவைச் சரணாலயமாக அறிவித்ததையும், நீ அதே வருஷம் பிறந்ததையும் வழக்கம்போல யாரோ ஒரு பையனிடம் சொன்னார். தீபாவளிக்கு வெடி போடாத ஊர், பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவன் பதிலுக்கு அப்பாவுக்கே பாடம் எடுத்தான். உள்ளூர்ப் பையன், விடுவானா.

சொல்ல வந்தது இதுதான். திரும்பும்போது ஒரு வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். பக்கத்துப் புதரிலேயே கதிர்க்குருவி கத்திக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குரலை வைத்தே குருவியைச் சொல்வாரே உன் அப்பா, "இன்னைக்கு என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்" என்கிறார். எனக்கு இட்லி இறங்கவில்லை. ஆள்காட்டி அலறினால் கேட்கிறது, மயில் அகவினால் கேட்கிறது. மெல்லிசாகக் கீச்சிடுவது எதுவும் கேட்கவில்லை. கம்பியில் பஞ்சுருட்டான் வரிசையாக உட்கார்ந்து கத்தியும், நான் கையைக் காட்டின பிறகுதான் பார்த்தார். வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் காதை விட்டுப் போகுமாம்.

அவரிடம் சொல்லவில்லை. வரும் வழியில் எது கத்தினாலும் பின்னாலிருந்து தோளைத் தட்டினேன். வலப்பக்கம் என்றால் வலத்தோள். கொஞ்ச தூரம் போனதும், "உனக்கு எப்படிடி இவ்வளவு தெரியும்?" என்றார். முப்பத்தைந்து வருஷம் உங்களோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேனே என்றேன்.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. அது கண் வேலை, சமாளித்துவிடுவார். பொங்கலுக்கு வரும்போது காது டாக்டரிடம் நீ கூட்டிப் போ. நான் சொன்னால் எரிந்து விழுவார், நீ சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

இப்போதுகூட, "யாருக்கு எழுதுதே?" என்று கேட்டார். பால் கணக்கு என்றேன். தலையாட்டினார். கேட்டதோ இல்லையோ.

அம்மா